அம்பைக்குத் திரும்பும் சேக்காளிக்கு

பாளையங்கோட்டை,
ஆடி மாதம்

அன்புள்ள சேக்காளி,

உன் கடிதம் கிடைத்தது. சென்னை வேலையை விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்துக்கே வந்து, இணையதள வடிவமைப்பைச் சொந்தமாகச் செய்யப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே யாவரும் சுகம். சாரல் நன்றாக விழுகிறது. மழைக்காற்று அடித்தால் கரண்டு போய்ப் போய் வரும், அது உனக்குத் தெரிந்ததுதான். ஆகவே இன்வெர்ட்டரையும், வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு இணைய இணைப்புகளையும் முதல் செலவில் சேர்த்துவிடு. ஒன்று ஃபைபர், இன்னொன்று கைபேசி வழி. வாடிக்கையாளரிடம் தளத்தைக் காட்டும் நேரத்தில்தான் ஃபைபர் அறுகும்.

என்ன கூலி வாங்குவது, யாரோடு சேர்ந்து வேலை செய்வது, மனசுக்கு நிறைவாக இருக்குமா என்று மூன்று கேட்டிருக்கிறாய். கூலியில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'பக்கத்துக்கு இவ்வளவு' என்று விலை சொல்லாதே. உன் மாதத் தேவையிலிருந்து கணக்குப் போடு. வீட்டுக்கு 40,000 ரூபாய். இணையம், மென்பொருள், மருத்துவக் காப்பீடு, மூன்று நான்கு வருடத்தில் மடிக்கணினி மாற்றுவதற்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து 8,000. வேலை வராத மாதத்துக்கு ஒதுக்கீடு 12,000. ஆக 60,000. மாதத்தில் 160 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாலும், காசு கேட்கக்கூடிய நேரம் அதில் பாதிதான். மீதி பேச்சு, மதிப்பீடு, அலைச்சல், பில், படிப்பு என்று போய்விடும். 60,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 750 ரூபாய். இதற்குக் கீழே நீ சொல்லும் விலை எல்லாம் கைக்காசிலிருந்து போகிறது, பார்த்துக்கொள்.

ஆறு பக்கத்தில் ஒரு கடைக்கான தளத்தை எடுத்துக்கொள். தகவல் சேகரிப்புக்கும் திட்டத்துக்கும் 6 மணி, வடிவமைப்புக்கு 10, கட்டுமானத்துக்கு 12, தமிழ் வாசகமும் படங்களும் ஒழுங்குசெய்ய 6, சோதனைக்கும் திருத்தத்துக்கும் 6. மொத்தம் 40 மணி, 30,000 ரூபாய். முன்பணம் 12,000. வடிவத்துக்குச் சம்மதம் சொன்னதும் 9,000. தளம் வெளியே போகும் முன்னால் 9,000. கடைசித் தவணையை 'ஏற்றிவிட்டு வாங்கிக்கலாம்' என்று விட்டால், அடுத்த தீபாவளி வரை நடக்க வேண்டியதுதான்.

மதிப்பீட்டுத் தாளில் நான்கு வரி கட்டாயம் இருக்கட்டும். திருத்தம் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு மணிக்கணக்கில் கூலி. படமும் வாசகமும் 21 நாளுக்குள் வராவிட்டால் இரண்டாம் தவணை கொடுக்க வேண்டும், முடிக்கும் தேதியும் தள்ளிப்போகும். டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) செலவு வாடிக்கையாளருடையது. நான்காவதுதான் நம்மூருக்கு ரொம்ப முக்கியம்: சம்மதம் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று ஒரே ஒரு பெயர். அண்ணாச்சி மகன் 'அருமையா இருக்கு' என்பான். அண்ணாச்சியும் தலையாட்டுவார். தளத்தை ஏற்றுகிற அன்றைக்கு மதுரையிலிருந்து மைத்துனர் வந்து இறங்கி, 'முகப்பு என்ன இப்படி வெறிச்சோடிக் கிடக்கு, சாமி படம் எங்கே' என்பார். தாளில் ஒரு பெயர் இருந்தால் மைத்துனருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் திருத்தங்களை ஒரே பட்டியலாக எழுதித் திருப்பி அனுப்பி, 'இவ்வளவுதானே' என்று பதில் வாங்கிய பிறகே கை வை.

இதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், தளம் கட்டித் தருவதை மட்டும் வைத்துத் தொழில் வளராது என்பது என் கட்சி. மலிவான தளங்களை வார்ப்புருவும் செயற்கை நுண்ணறிவும் ஒரு மாலைக்குள் செய்துவிடுகின்றன. கட்டியதை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் இங்கே பஞ்சம். அந்த 30,000 ரூபாய்த் தளத்துக்கு வருடப் பராமரிப்பு 6,000 என்று வை. உன் நேரத்தில் எட்டு மணி. பத்துத் தளம் சேர்ந்தால் உன் ஒரு மாதத் தேவை வந்துவிடும்.

பராமரிப்பு என்ற பெயரில் சும்மா காசு வாங்கவும் கூடாது. மாதம் ஒருமுறை காப்புப்பிரதி எடுத்து, அதைச் சர்வருக்கு வெளியே வை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை வேறொரு இடத்தில் எழுப்பிப் பார். எழுப்பிப் பார்க்காத பிரதியை நம்பாதே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளுக்கு மேல் செல்லாது, தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்புப் படிவத்தை நீயே ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பார். 'ஆர்டரே வரலை' என்ற புகாரில் பாதி இந்தப் படிவத்தால் வருவது. பார்வையாளரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு சர்வர் அஞ்சல் விட்டால், அனுப்பியது உண்மையான ஆள்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனையில் தோற்று ஸ்பாமுக்குப் போய்விடும். அனுப்புநர் கடையின் டொமைன் முகவரியாக இருக்கட்டும், அந்த முகவரியின் கணக்கில் நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாகப் போகட்டும். பதில் முகவரியில் மட்டும் பார்வையாளர்.

டொமைனை ஒருபோதும் உன் பெயரில் வாங்காதே. உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், ஓடிபி வரும் கைபேசி எண் எல்லாம் கடைக்காரருடையது. நீ தொழில்நுட்பத் தொடர்பாள் மட்டும். ஹோஸ்டிங் மாற்றும்போது டொமைனுக்கு வழிகாட்டும் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைத் தொடுவதற்கு முன், அந்த டிஎன்எஸ் பதிவுகள் அத்தனையையும் படியெடுத்துக்கொள். மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவு விட்டுப்போனால் தளம் நன்றாக ஓடும், கடையின் மின்னஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். யாரும் இரண்டு நாள் கவனிக்கவும் மாட்டார்கள். சர்வரின் எண்ணான ஐபி முகவரியை மட்டும் மாற்றுவதானால், முந்தின நாளே டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்கு இறக்கி வைத்துவிடு.

அடுத்தது தமிழ். சென்னையில் நீ செய்தது பெரும்பாலும் ஆங்கிலத் தளம் என்பதால் இதை விரித்து எழுதுகிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம், வீரவநல்லூர்த் தறி என்று உன்னைச் சுற்றி இருக்கும் சரக்குக்கெல்லாம் தமிழ்ப் பக்கம் வேண்டும். அதை ஒழுங்காகச் செய்ய ஆள் குறைவு.

வாசகம் அச்சகத்திலிருந்து வரும். பழைய கோப்பென்றால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். இணையத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மாற்றியில் போட்டு யூனிகோடாக்கு. அதோடு விடாதே, கண்ணால் படி. கால் குறி இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'கௌ' என்ற எழுத்து, 'கெ'யும் தனி 'ள'வும் பக்கத்தில் வைத்ததாக இருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 'கௌரி' என்று தேடினால் கிடைக்காது. அடையாளச் சின்னத்தை ஃபோட்டோஷாப்பில் தமிழில் எழுதினால் உலக மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள். இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம். தடித்த வடிவம் தனியாக உள்ளதைத் தேர்ந்தெடு. இல்லையென்றால் உலாவி தானே எழுத்தைப் பருமனாக்கும், 'ணு', 'ஞ' போன்றவற்றின் உள்வெளி அடைத்துப்போகும். கோப்பைச் சிறிதாக்க எழுத்துருவை வெட்டும்போது எழுத்து மாற்று அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிட்டால் 'கு', 'டி', 'மூ' உடைந்து மெய்க்குப் பக்கத்தில் குறி தனியாகத் தொங்கும். ஆங்கிலத் தலைப்புக்குக் கொடுக்கும் எழுத்து இடைவெளியைத் தமிழுக்குக் கொடுக்காதே. வரி உயரம் 1.3 போதாது, மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'டு'வின் வாலும் முட்டிக்கொள்ளும், 1.7 வை. பொத்தானுக்கு நிலையான அகலம் கூடாது. 'Buy' என்று மூன்றெழுத்தில் ஆங்கிலம் முடிக்கும் இடத்தில் நமக்கு 'இப்போதே வாங்குங்கள்' வேண்டும். இரு ஓரமும் ஒட்ட வரியை இழுக்கும் அமைப்பு கைபேசித் திரையில் தமிழுக்கு ஆகாது, சொல் நீளம் என்பதால் நடுவில் பள்ளம் பள்ளமாக விழும். இணைய முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப்பக்கக் குப்பை. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வை.

படம் இன்னொரு தொல்லை. கைபேசியில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவார்கள். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி வடிவத்தில் 200 கேபிக்குள் கொண்டுவா. அகல உயர எண்களை நிரலில் எழுதிவிடு, இல்லையென்றால் படம் வரும்போது பக்கம் குதிக்கும். முகப்பின் பெரிய படத்துக்குத் தாமத ஏற்றம் (உருட்டி வந்தபிறகே படம் இறங்கும் ஏற்பாடு) போடாதே. கூகுள் நல்லது என்று சொல்லும் அளவு: பெரிய உருப்படி 2.5 நொடிக்குள், தொட்டால் பதில் 200 மில்லிநொடிக்குள், பக்கம் குதிக்கும் அசைவின் மதிப்பெண் 0.1-க்குள். இதைக் கடைக்காரரின் கைபேசியிலேயே சோதி. வெளிர் சாம்பல் எழுத்து அழகாக இருக்கிறது என்று போடாதே. எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1 வேண்டும். வெயிலில் நின்று படிக்கிறவர்கள் நம் ஆட்கள்.

யாரோடு சேர்வது? முதலில் ஒரு புகைப்படக்காரர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா இருக்கும். சரக்குப் படங்களை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டால் கூலியும் குறையும், பொறுமையாகவும் எடுப்பார். இரண்டாவது அச்சகம். பில் புத்தகம் அடிக்கிறவருக்கு ஊரில் எந்தக் கடை வளர்கிறது, எது கடனில் ஓடுகிறது என்று எல்லாம் தெரியும். மூன்றாவது பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆளுக்கு ஆள் கமிஷன் கொடுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது. அவரவர் தனித்தனியாக வாடிக்கையாளருக்குப் பில் போடுவது நல்லது. எல்லாவற்றையும் உன் பில்லில் போட்டால் அடுத்தவர் கூலியும் உன் வரவாகக் கணக்காகும், வரிப் பிடித்தமும் உன் தலையில்.

சென்னை, வெளிநாட்டு நிறுவனங்களின் உபரி வேலையை எடுக்கலாம், ஆனால் அதிலேயே முழுசாக விழுந்துவிடாதே. ஒரே இடத்திலிருந்து பாதி வருமானத்துக்கு மேல் வந்தால் அது பெயரில்லாத உத்தியோகம். செய்ததை உன் பணித்தொகுப்பில் காட்டலாமா என்று முதலிலேயே எழுதி வாங்கு. பதிப்புரிமையும் பார். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்தில் இல்லாதவன் செய்த வேலைக்குப் பொதுவாக அவனே முதல் உரிமையாளன். கைமாற்றுவது எழுத்தில்தான் செல்லும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். முழுத்தொகை வந்தபிறகே உரிமை கைமாறும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்.

வரி விஷயம் சுருக்கமாக. சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிநாட்டு வரவும் அந்தக் கணக்கில் சேரும். பதிவு செய்தபிறகு வெளிநாட்டுக்கு வரியில்லாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் வேண்டும், அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான வரிமுறை உனக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் முதல் வருடமே கேள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அரசுத் தளத்திலேயே செய். இடையில் காசு கேட்கிறவனிடம் போகாதே. அந்தப் பதிவு இருந்தால் ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்று சட்டத்தைக் காட்டலாம். உள்ளூர் அண்ணாச்சியிடம் அதைக் காட்டிச் சண்டைக்குப் போகாதே, வெளியூர் நிறுவனத்துக்கு வைத்துக்கொள்.

நிறைவைப் பற்றிக் கேட்டாய். இந்தத் தொழிலில் அலுப்பு வருவது பெரும்பாலும் பாதியில் நிற்கும் வேலைகளால்தான்: வாசகம் வராத தளம், சம்மதம் கிடைக்காத முகப்பு. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் எடுக்காமல் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். தளத்தை ஒப்படைக்கும்போது விலையை மாற்றுவது எப்படி என்று கடைப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடு. உன்னைக் கூப்பிடாமல் அவளே ஒரு நாள் மாற்றியிருப்பாள். விருதுப் பட்டியலில் வருகிற சந்தோஷத்தைவிட அது பெரிசு என்பேன். வாரத்தில் அரை நாள் படிப்புக்கு ஒதுக்கு. பார்வையற்றவர்கள் போன்றோரும் தளத்தைப் பயன்படுத்தும்படி செய்யும் அணுகல்தன்மையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கான டபிள்யூசிஏஜி 2.2 விதிகள் 2023 அக்டோபரில் வந்தவை. அதைத் தமிழ்ப் பக்கத்தில், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரை வாசிப்பானோடு சோதித்துத் தருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் இல்லை. 'மொழி தமிழ்' என்று நிரலில் குறிக்காவிட்டால் வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று திணறும், அல்லது மௌனமாகத் தாண்டிப்போகும்.

ஆள் வைத்துக் கம்பெனி நடத்துவதைப் பற்றி முதல் இரண்டு வருடம் நினைக்கவே வேண்டாம்.

உன் முதல் மதிப்பீட்டுத் தாளை எழுதி எனக்கு அனுப்பு, அடித்துத் திருத்தித் தருகிறேன். அச்சகத்தார் ஒருவரும் படம் எடுக்கிறவர் ஒருவரும் அம்பையிலேயே எனக்குத் தெரியும். ஆவணி பிறக்கும் முன் நீ வந்துவிட்டால், கல்யாண வேலைகள் தொடங்குவதற்குள் பேசிவிடலாம். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
உன் சேக்காளி