ஹீட்டரை மாற்றும் முன் துளையைப் பாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சேதராப்பட்டிலிருந்தும் கடலூர் சிப்காட்டிலிருந்தும் கருகிய கேட்ரிட்ஜ் ஹீட்டரோடு (டை என்கிற இரும்பு அச்சின் துளையில் செருகி அதைச் சூடேற்றும் குழாய் வடிவ ஹீட்டர்) எங்கள் புதுச்சேரி கடைக்கு வருபவர்களில் பலர், "இதைவிடக் கூட வாட்டில் ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். கொடுத்துவிடலாம், எங்களுக்கு விற்பனைதான். ஆனால் அதுவும் சீக்கிரமே கருகும், உங்கள் மெஷின் மறுபடி நிற்கும்.

பெரும்பாலும் கோளாறு ஹீட்டரில் இல்லை. அது உட்காரும் துளையில் இருக்கிறது. ஹீட்டருக்குள்ளே மெக்னீசியம் ஆக்ஸைடு தண்டில் சூடேறும் நிக்ரோம் கம்பியைச் சுற்றி, அதே தூளை நிரப்பி, ஸ்டீல் குழாயை ஒடுக்கி இறுக்கியிருக்கிறது. கம்பியின் சூடு குழாய்க்கு வந்துவிடும். அங்கிருந்து டைக்குப் போக இரும்பும் இரும்பும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் சூடு எளிதில் கடக்காது. குழாய் சிவக்கும், டை ஆறியே கிடக்கும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் டையைத்தான் பார்க்கிறது. அதனால் கன்ட்ரோலர் கரண்டை நிறுத்தாது. கடைசியில் கம்பி அறுந்துபோகும்.

10 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள ஹீட்டரின் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. 300 வாட் என்றால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 10 வாட். 500 என்றால் 16. துளை தளர்வாக இருக்கும்போது வாட்டைக் கூட்டுவது கம்பியை இன்னும் வேகமாகக் கொல்வதுதான்.

டிரில் மட்டும் போட்ட துளை பெரும்பாலும் கொஞ்சம் பெருத்திருக்கும். துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போட்டு முடியுங்கள். கட்டிங் ஆயிலைச் சுத்தமாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே கரியாகிப் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் பின்பக்கம் ஒரு சிறு துளை விடுங்கள், பழையதைத் தட்டி எடுக்கலாம். அது இல்லாமல் சிக்கிய ஹீட்டரை டிரில் போட்டு எடுத்து, நல்ல டையையே பாழாக்கியவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறோம்.

இப்போது ஐப்பசி மழை. மெக்னீசியம் ஆக்ஸைடு ஈரத்தை இழுக்கும், ஈரமானால் கரண்ட் குழாய்க்குக் கசியும். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். தீபாவளி விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆனால், எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அந்த மெஷினில் கைவைப்பவர் உங்களை நம்பி வேலைக்கு வந்தவர். கரண்ட் கசிவதைக் காட்டும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்களிடம் கொண்டுவாருங்கள். 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து உலர்த்தித் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

இறக்குமதி மெஷின் என்றால் ஹீட்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட் ஹீட்டரை 230-இல் நேராகக் கொடுத்தால் நாலு மடங்குக்கு மேல் வாட் இழுக்கும்.

அடுத்த முறை வரும்போது பழைய ஹீட்டரோடு துளையின் உள்விட்டத்தையும் அளந்து எழுதிக் கொண்டுவாருங்கள். அளக்கக் கருவி இல்லையென்றால் டையையே எடுத்துவாருங்கள், நாங்கள் அளந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஹீட்டர் கடையார்