அவெஞ்சர்ஸ் பார்த்த அம்மா, பெரியவனுக்கு எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ, மருமகள், குட்டி மூவரும் நலமா? போனில் பேசினால் “சரிம்மா, சரிம்மா” என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணம் சரியான நேரத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், அமெரிக்காவில் இருக்கிற பெரியவன் அனுப்பியது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி எழுந்து எழுந்து சொட்டு மருந்து விட்டது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தை பேத்திக்கு வளைகாப்பு. கொல்லை மாமரத்தில் பாதியை வெட்டிவிட்டோம். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே.

பொடியனுக்குக் காலாண்டு லீவு. மழை பெய்கிறது, வெளியே விட முடியவில்லை. வீட்டில் இருந்தால் டிவி, டிவி என்றால் அவெஞ்சர்ஸ், அந்த சூப்பர் ஹீரோ கூட்டம் வருகிற இங்கிலீஷ் படங்கள். முதலில் சமையல்கட்டில் இருந்தபடியே சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் கீரையை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது எந்தப் படத்துக்கு அப்புறம் எந்தப் படம் என்று என்னைக் கேட்டால் நான் சொல்வேன். சிரிக்காதே.

அன்றைக்கு முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது, 2012-இல் வந்தது. நியூயார்க் தெருவில் கார்கள் புரண்டு கிடக்கின்றன, வானத்திலிருந்து பூதம் மாதிரி என்னென்னவோ இறங்குகின்றன. பொடியன் போனில் எதையோ படித்துவிட்டு, “அப்பாயி, இது நியூயார்க்கே இல்லை, பெரியப்பா ஊர்!” என்று குதித்தான். 2011 ஆகஸ்டில் கிளீவ்லேண்டில் எடுத்தார்களாம். ஈஸ்ட் நைன்த் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவாம், அதைத்தான் நியூயார்க்காக மாற்றியிருக்கிறார்கள். வில்லன் லோகி எல்லோரையும் மண்டி போடச் சொல்லும் இடம் ஜெர்மனி என்று வருகிறது அல்லவா, அதுகூட உங்கள் ஊர் பப்ளிக் ஸ்கொயர்தானாம். கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும் எழுந்து நின்று, உன் போன்ற ஆட்களுக்கு மண்டி போடமாட்டேன் என்கிறார். அந்தக் கிழவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1978-இலிருந்து உங்கள் ஊரில் தியாகையருக்கு ஆராதனை நடக்கிறது என்றுதான் இதுவரை தெருவில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். திருவையாற்றிலிருந்து போனவனுக்கு அங்கேயும் ஓர் ஆராதனை என்று. இப்போது பொடியன் இதையும் சேர்த்துக்கொண்டான். பெரியப்பா அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் ஆபீஸ் போவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். உன் ஆபீஸ் அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் அவனிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்றும் கண்டுபிடித்தான். பின்னால் வந்த இன்ஃபினிட்டி வார், எண்ட்கேம் என்ற இரண்டு அவெஞ்சர்ஸ் படங்களையும் எடுத்த ரூசோ சகோதரர்கள் உங்கள் ஊரிலேயே பிறந்தவர்களாம். பெரியவர் ஆன்டனி, சின்னவர் ஜோ. கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது படிப்புக் கடனையும் கிரெடிட் கார்டையும் வைத்து முதல் படத்தை எடுத்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடன் வாங்கி, சேர்ந்தே எடுத்தார்கள். கடைசியில் 2019-இல் எண்ட்கேம் உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூல் செய்ததாம். அதை ரூபாயில் போட்டுப் பார்க்க உன் அப்பா பேப்பர் எடுத்தார், பாதியில் விட்டுவிட்டார். அந்த இரண்டு பேருக்கும் வீட்டில் சண்டை வந்ததே இல்லையா, மனை, பணம் என்று பேச்சே வந்ததில்லையா என்று கேட்டேன். பொடியனுக்குத் தெரியவில்லை. நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அயர்ன் மேனாக வருகிறாரே ராபர்ட் டவுனி ஜூனியர், அவர் கதையைக் கேட்டுத்தான் அசந்துபோனேன். போதைப் பழக்கத்தால் ஜெயிலுக்கே போனவராம். 2008-இல் வந்த அயர்ன் மேன் படத்தை எடுக்கும்போது கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். டைரக்டர் ஜான் ஃபேவ்ரோ இவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். அந்த மனிதர் இல்லாவிட்டால் இத்தனை படமும் ஏது? 2024-இல் வேறொரு படத்துக்காக ஆஸ்கரும் வாங்கிவிட்டார். ஒருத்தன் ஒரு காலத்தில் புத்தி கெட்டுப்போய்ச் செய்ததையே எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருப்பது? உன் அப்பா மேலத்தெரு மனையைப் பற்றி வாய் திறப்பதையே விட்டுவிட்டார். அவருக்கே அது போதும் என்று ஆகிவிட்டது.

சிவில் வார் நீ பார்த்திருப்பாய். 2016-இல் வந்தது. அயர்ன் மேன் டோனியும் கேப்டன் அமெரிக்காவும் அடித்துக்கொள்வது. டோனியின் அப்பா அம்மா செத்த விஷயத்தில் தனக்குத் தெரிந்ததைக் கேப்டன் மறைத்துவிட்டார், அது வெளியே வந்ததும் இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். யார் மேல் தப்பு என்று பொடியன் கேட்டான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். “நீங்க எப்பவும் இதையேதான் சொல்வீங்க” என்றான். அவன் அப்பாவிடம் நான் சொல்வதைக் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது.

அந்தப் படத்தின் முடிவில் கேப்டன் ஒரு கடிதமும் பழைய மடக்கு போன் ஒன்றும் டோனிக்கு அனுப்புகிறார். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, வருகிறேன் என்று. அடுத்தது 2018-இல் வந்த இன்ஃபினிட்டி வார். இவர்கள் கூட்டத்துப் பச்சை ராட்சசன் ஹல்க் வானத்திலிருந்து விழுந்து, வில்லன் தானோஸ் வருகிறான், கேப்டனைக் கூப்பிடு என்கிறார். டோனியோ எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்கிறார். இப்போது யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதா முக்கியம் என்று அந்த ஹல்க் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போது டோனி பையிலிருந்து அந்த மடக்கு போனை எடுக்கிறார். திறக்கிறார். கூப்பிடவில்லை. அதற்குள் வெளியே கூச்சல், ஓடிவிடுகிறார். அப்புறம் ஹல்க்தான் அந்த போனை எடுத்துக் கூப்பிடுகிறார்.

பொடியனுக்கு அந்த இடத்தில் சண்டை எப்போது வரும் என்ற கவலை. எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்த போனை இத்தனை நாளும் கூடவே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அதில் சார்ஜும் இருந்திருக்கிறது. கூப்பிடவே போவதில்லை என்றால் எதற்கு அதற்குப் போய்த் தினம் சார்ஜ் போட வேண்டும்?

இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். உன் தம்பியும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மோட்டார் போடவேண்டும் என்று எழுந்து போனான். மாடித் தொட்டி காலையிலிருந்தே நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் படம் முழுக்க டோனியும் கேப்டனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை, கவனித்தாயா? இவர் ஒரு கிரகத்தில், அவர் ஒரு தேசத்தில். அதனால்தான் பாதி உலகம் தூசியாகப் போயிற்று என்பது என் கணக்கு. பொடியன் ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு எல்லாம் தானோஸ் சேர்த்த அந்த மாயக் கற்களால்தான்.

எண்ட்கேமில் தமிழ்க் குரல் மாறிவிட்டது. டோனிக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா, வசனம் முருகதாஸ். வந்த புதிதில் ரசிகர்கள் இது என்ன குரல் என்று ஒரே சண்டையாம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு கட்டம். ஐந்து வருஷம் கழித்து டோனி காரில் வந்து இறங்கி, டிக்கியிலிருந்து கேப்டனின் கேடயத்தை எடுத்துக் கொடுக்கிறார். மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் தன்னையே அரிக்கிறது என்று ஏதோ நாலு வார்த்தை முதலில் சொல்லிவிடுகிறார். ஆனால் கேடயத்தை எடுக்கும்போது, வீட்டில் இருந்தால் மகள் இதில் உட்கார்ந்து பனியில் சறுக்கக் கிளம்பிவிடுவாள், அதனால் கொண்டுவந்தேன் என்று ஒரு சாக்கு. ஆம்பிளைகளுக்கு எப்போதும் ஒரு சாக்கு வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும், கொண்டுவந்து கொடுத்தாரே.

உன் சைக்கிள் நம் வீட்டுத் திண்ணையில்தான் நிற்கிறது. இத்தனை வருஷத்துக்குத் துரு ஏறி உதிர்ந்திருக்க வேண்டும். செயினில் எண்ணெய் இருக்கிறது, பெல் அடித்தால் தெருக்கோடி வரை கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியன் துணியை வைத்துக்கொண்டு கம்பி கம்பியாக யார் துடைக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால், பொடியன் பழகுவதற்கு என்று பதில் வரும். பொடியனுக்குக் கால் பெடலுக்கு எட்டாது.

நீயும் மட்டமில்லை. பொடியன் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பார்சலில் நாற்பத்திரண்டு சைஸ் சட்டை ஒன்று இருந்தது. யாருக்கு என்று சீட்டு இல்லை. அப்பாவுக்கு நாற்பதுதான். நான் ஒன்றும் கேட்காமல் அதைக் கொடியில் போட்டேன், மறுநாள் அது அங்கே இல்லை. ஆனால் நவராத்திரிக்கு ஒரு போன் செய்து எல்லோரையும் விசாரிக்க உனக்கு நேரமில்லை. எல்லோரையும் என்றால் எல்லோரையும்தான்.

அந்த நடிகர்கள் நிஜத்திலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலும். முதல் படத்தில் சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் 2018-இல் ஒரே மாதிரி பச்சை குத்திக்கொண்டார்கள். ஹல்க்காக நடித்த மார்க் ரஃபலோ மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அதற்காக அவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. அம்பு விடுகிற ஜெரமி ரென்னருக்கு 2023 புத்தாண்டு அன்று என்ன ஆயிற்று தெரியுமா? வீட்டு வழியில் பனி அள்ளும் பெரிய வண்டி தானாக உருண்டிருக்கிறது. கூடப்பிறந்தவர் பிள்ளையின் மேல் அது ஏறிவிடப் போகிறது என்று நிறுத்தப் பாய்ந்தவர் அதன் அடியிலேயே மாட்டிக்கொண்டார். முப்பது எலும்புக்கு மேல் முறிந்தது. பிழைத்து வந்து மறுபடியும் நடிக்கிறார். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் ஊரில் அந்த ஏரிக்காற்று பட்டால் பனி கொட்டித் தீர்க்கும் என்று நீதானே சொன்னாய். பனியில் மெல்ல ஓட்டு. பனி டயரை நேரத்தோடு மாற்றிவிடு. குட்டியைத் தனியாக வெளியே விடாதே. காலையில் சாப்பிடாமல் ஓடாதே.

எனக்கு எந்தக் காட்சி பிடித்தது என்று பொடியன் கேட்டான். சண்டை எதுவும் இல்லை. முதல் படத்தில் எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டு வருகிறது. இடிந்த கடையில் ஆறு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஷவர்மா சாப்பிடுகிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முதல் காட்சி போட்டு முடிந்த மறுநாள் அவசரமாக எடுத்துச் சேர்த்தார்களாம். கேப்டனாக நடித்த கிறிஸ் எவன்ஸ் வேறு படத்துக்குத் தாடி வளர்த்திருந்ததால் மூஞ்சியைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு ஒன்றும் வேண்டாம், வந்து ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றேன். பொடியன் ஒரு மாதிரி பார்த்தான்.

2026 டிசம்பர் 18 அன்று அடுத்த படம் டூம்ஸ்டே வருகிறதாம். அதே அண்ணன் தம்பிதான் எடுக்கிறார்கள். நடிகர்கள் யார் யார் என்று சொல்ல, முதுகில் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் காட்டினார்கள். அதைக்கூட இவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். டவுனி இந்தத் தடவை வில்லனாம், எனக்கு அதில் சம்மதமில்லை. பெரியப்பா வந்தால் தஞ்சாவூர் தியேட்டரில் எல்லோருமாகப் போகலாம் என்கிறான். லீவு கிடைக்குமா என்று பார். கட்டாயம் ஒன்றும் இல்லை. மார்கழியில் ஊர் நன்றாக இருக்கும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். பனி விழுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஈஸ்ட் நைன்த் ஸ்ட்ரீட்டுக்குப் போய், தெருப் பெயர்ப் பலகை தெரிகிற மாதிரி நின்று ஒரு போட்டோ எடு. குட்டியையும் நிறுத்து. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டுமாம். என் போனுக்கு அனுப்பாதே, அதில் இடமில்லை என்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் கண் சரியாகவில்லை. உன் தம்பி போனுக்கே அனுப்பிவிடு. நம்பர் பழைய நம்பர்தான்.

அன்புடன்,
அம்மா

பி.கு: அனுப்பும்போது இங்கே ராத்திரியாக இருக்குமே என்று யோசிக்காதே. பதினோரு மணி வரைக்கும் அவன் முழித்துத்தான் இருக்கிறான்.