பூட்டிய வீட்டுச் சாவியைத் தாருங்கள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, குடியிருப்பாளர்களே,

வணக்கம். உங்கள் பகுதியில் பணிபுரியும் பொதுச் சுகாதாரத் தாதி எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகள் பலருக்குத் தடுப்பூசி போட்டதும், மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் தாய்மார் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்ததும் நான்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாடிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவி எங்களுக்கு வேண்டும். வரவேற்பறைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டோம். டெங்கு நுளம்பைத் தேட மலசலகூடத்தில் ஐந்து நிமிடம் போதும்.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் இப்படி ஒரு வீடாவது இல்லாத தொடர்மாடியைக் காண்பது அரிது. சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள், டிசம்பர் விடுமுறைக்கு வருவார்கள், இடையில் ஒரு கலியாணம் என்றால் வருவார்கள். புறப்படும்போது மின்சாரத்தை நிறுத்தி, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, அயலாரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கொமட்டில் தண்ணீர் நிற்கும். அதன் மேலே உள்ள தொட்டியிலும் நிற்கும். குளியலறை வடிகாலில் ஒரு கை அளவு நிற்கும். அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

டெங்கு நுளம்பு நினைக்கிறது. தெளிந்த நீரும் இருட்டும் ஆளரவமற்ற அமைதியும் ஒரே அறையில் வேறு எங்கே கிடைக்கும்? பெண் நுளம்பு குளியலறைக் கண்ணாடிச் சட்டங்களின் இடைவெளியால் உள்ளே போய்விடும். முட்டையை நீருக்குள் இடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். அதையும் ஒரே இடத்தில் இட்டுவிடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிரித்து வைக்கும். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். திருவிழாவுக்கு வந்த குடும்பம் முதல் நாள் தண்ணீரைத் திறந்ததும் தொட்டி நிரம்பும், முட்டை பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு பறக்கும். முதற் கடி அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கே கிடைக்கக்கூடும்.

ஒரு தொடர்மாடியில் காவலாளி மனம் வைத்துச் சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்துவிட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொட்டியின் மூடியை எடுத்து டோர்ச் அடித்தார். வெள்ளை அகப்பையால் ஓர் அள்ளு அள்ளியதில் நுளம்பின் புழுக்களான குடம்பிகள் நெளிந்தன. சத்தம் கேட்டு எதிர் வீட்டு அம்மா வந்துவிட்டார், ஓய்வுபெற்ற ஆசிரியை. "பிள்ளை, எனக்குக் காட்டு" என்றார். ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். அவருடைய கை நிழல் பட்டதும் அத்தனையும் துள்ளித் துள்ளி அடிக்குப் போயின. சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கி மூச்சு விட்டன. அவர் அந்த மாடியில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைகள் குவளையைச் சுற்றி நின்று நிழல் காட்டி விளையாடினார்கள். மாலைக்குள் அந்த மாடியில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் நீர் தேங்கும் தட்டைக் கழுவாத வீடு ஒன்றும் இல்லை. நாங்கள் எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தாலும் இது நடந்திருக்காது! முடிந்தால் உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் ஒரு குவளை கொண்டு வருகிறேன்.

"நாங்கள் ஏழாம் மாடி, இவ்வளவு உயரத்துக்கு நுளம்பு வராது" என்று பலர் சொல்கிறீர்கள். சிங்கப்பூரில் 21 மாடிக் கட்டடமொன்றின் நடுவில் டெங்கு நுளம்புகளை விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். மேலும் கீழுமாகக் கட்டடம் முழுவதும் அவை முட்டையிட்டிருந்தன. வெள்ளவத்தையின் ஏழு மாடி அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. அதுவும் உங்கள் பல்கனிகளில் துளசிச் சாடியின் கீழ்த்தட்டும், மணி பிளான்ட் போத்தலும் காத்திருக்கும்போது வேறு எங்கும் போகத் தேவையில்லை.

"புகை அடியுங்கள்" என்பது அடுத்த கோரிக்கை. அடிக்கிறோம், தேவைப்படும்போது. ஆனால் புகை அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும்; தண்ணீருக்குள் இருக்கும் குடம்பியை ஒன்றும் செய்யாது. பூட்டிய வீட்டுக்குள் புகை நுழைவதும் இல்லை. வீதியெல்லாம் வெண்புகை பரவும்போது எல்லோருக்கும் மன ஆறுதல் கிடைக்கிறது. ஐந்தாம் மாடிக் குடம்பிக்கோ அன்று ஒரு குறையும் இல்லை.

இந்த நாடு நுளம்பை வென்ற நாடு. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. எங்கள் துறையில் அதை நினைத்துப் பெருமைப்படாதவர்கள் இல்லை. அடுத்த ஆண்டே, 2017இல், 186,000இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். 400இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலேரியா நுளம்பை ஆற்றுக் குட்டைகளிலும் வயல்வெளிகளிலும் தேடிப் போக அரசால் முடிந்தது. டெங்கு நுளம்பு குடியிருப்பது உங்கள் வீட்டில். அங்கே நீங்கள் கதவைத் திறந்தால்தான் எங்களால் வர முடியும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எனக்கு வழக்கு வேண்டாம், சாவிதான் வேண்டும்.

பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள்: தொட்டிக்கு வரும் நீரை அடைத்து, ஃபிளஷ் அழுத்தித் தொட்டியைக் காலி செய்யுங்கள். கொமட்டின் மேல் பொலித்தீன் விரித்து, ஓரம் முழுவதும் டேப் ஒட்டுங்கள். வடிகாலையும் அப்படியே மூடுங்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். காவலாளியோ அயலவரோ வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்த் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்து, ஃபிளஷ் பண்ணிவிட்டு வர அவர்கள் அனுமதி தர வேண்டும். தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் முட்டை சுவரில் இருக்கிறது. லிஃப்ட் குழியையும், மொட்டை மாடியில் மழைநீர் தேங்கும் பள்ளங்களையும், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தின் நீர்க்குழியையும் குழுவே பார்த்துக்கொள்ளலாம். நீர்க்குழியில் கப்பி மீன் விடுங்கள். அவை குடம்பிகளை விரும்பித் தின்னும், பிள்ளைகளுக்கும் வேடிக்கை.

யாருக்கேனும் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்ட நாளில் "சுகமாகிவிட்டது" என்று பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள்; டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கர்ப்பிணி என்றால் காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயிற்றில் பிள்ளையோடு டெங்கு வந்து படுத்த தாய்மாரின் கட்டில் அருகே நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தச் சாவிக்காக இவ்வளவு நச்சரிக்கிறேன்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு தொடர்மாடியாக வர இருக்கிறோம். உங்கள் கட்டடத்தில் பூட்டிய வீடுகள் எவை, சாவி யாரிடம், உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதி, காவலாளியின் மேசையில் வைத்துவிடுங்கள். காலை நேரத்தில் வருவோம். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிடுவோம். தேநீர் தந்தால் மறுக்க மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் பொதுச் சுகாதாரத் தாதி,
கொழும்பு 06