பட்ஜெட் தாளில் அதற்கென்று ஒரு தலைப்பு

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு, வணக்கம்.

பெண்களுக்குச் சம இடம் வேண்டும் என்று மேடையில் பேசுபவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவுட்டோரில் துணை நடிகைகளுக்கும் காஸ்ட்யூம் உதவியாளர்களுக்கும் கழிப்பறைக்கு வழிசெய்த புரொடக்‌ஷன் மேனேஜரை யாரும் கேட்பதில்லை. அவருக்காகத்தான் இந்த மடல்.

கேரவன் முதன்மை நடிகர்களுக்கு வந்துவிடும். மற்ற பெண்களுக்கு, லொக்கேஷன் பார்க்கப் போகும் நாளிலேயே யாராவது யோசித்திருந்தால்தான் உண்டு. ஷூட்டிங் அன்று காலையில் தேடினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வெயிலில் மயக்கம், பிறகு சிறுநீர்த் தொற்று. 25 பெண்களுக்கு ஒன்று, உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி: இவ்வளவுதான் தேவை. உடை மாற்றும் கூடாரத்துக்குக் கனமான இருண்ட துணி வேண்டும். மெல்லிய துணியென்றால் இரவில் உள்விளக்கு எரிந்ததும் நிழல் வெளியே தெரியும். இதைக் கவனித்துத் துணியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இரவு பேக்கப்புக்குப் பின் வண்டியில் கடைசியாக இறங்குவது தனியொரு பெண்ணாக இருக்கக் கூடாது என்று டிராப் வரிசையை மாற்றி எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் செலவெல்லாம் 'இதர செலவு' என்ற தலைப்பில்தான் போகிறது. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். நல்லது செய்த மேனேஜர் கணக்குக் கேட்கும் இடத்தில் கைகட்டி நிற்கிறார். அடுத்த படத்தில் அதைச் செய்யத் தயங்குகிறார்.

பாலியல் தொல்லை பற்றிய புகார்க் குழுவும் இப்படித்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் குழு வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. படப்பிடிப்பு யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் ஷூட்டிங் முடிந்து யூனிட் கலைந்துவிட்டால் யாரிடம் போவது? கடைசி நாள் ஷூட்டிங்குக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் குழு இருக்க வேண்டும். வெளி உறுப்பினரின் படியும் பயணச் செலவும் முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். குழுவினரின் பெயரும் எண்ணும் அன்றன்றைய ஷூட்டிங் விவரம் தரும் கால்ஷீட் தாளில், தமிழில், தினமும் அச்சாக வேண்டும்.

பெண்கள் ஒப்பனைக் கலைஞர்களாக வேலை செய்யக் கூடாது என்று மும்பைச் சங்கம் ஒன்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் செல்லாததாக்கியது. தடை போனது; ஆனால் அந்தக் கலைஞர் தளத்தில் எங்கே உடை மாற்றுவார், நள்ளிரவில் எப்படி வீடு போவார் என்பதைத் தீர்ப்பு பார்த்துக்கொள்ளாது. அதை உங்கள் மேனேஜர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அவருக்குக் கேடயம் வேண்டாம். அடுத்த படத்தின் பட்ஜெட் தாளில் 'பெண்கள் வசதி, பாதுகாப்பு' என்று தனித் தலைப்பு போடுங்கள். அதில் செலவழித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். எண்ட் டைட்டிலில் அந்தப் பொறுப்பின் கீழ் அவர் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
படப்பிடிப்புத் தளப் பணியாளர்கள்