தட்டணு கூடினால் ஒரே சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் செல்பவர்கள்கூட இப்போது முழு ரத்த எண்ணிக்கைச் சோதனையையும் சேர்த்தே செய்துகொள்கிறார்கள். அதனால், எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இயல்பின் மேல் வரம்பான நான்கரை லட்சத்தைத் தாண்டியிருப்பது நம் குமரி மாவட்டத்தில் பலருக்குத் தெரியவருகிறது. அதன் பிறகு நடப்பதைப் பற்றித்தான், ஆய்வக நுட்பநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தட்டணு கூடிய எல்லோருக்கும் ரத்த நோய் இருப்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவு, நாள்பட்ட தொற்று, மூட்டு அழற்சி, மண்ணீரல் அகற்றப்பட்டிருப்பது ஆகியவையும் எண்ணிக்கையை உயர்த்தும். குறிப்பாகப் பெண்களுக்கு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவது சரியல்ல. இவை எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் எண்ணிக்கை இறங்காதிருந்தால்தான், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்கும் நாள்பட்ட நோய்களைத் தேட வேண்டும்.

அந்த நோய்கள் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். தட்டணுக்கள் மிகையாக உருவாகும் எசென்ஷியல் திராம்போசைத்தீமியா, சிவப்பணுக்கள் மிகையாக உருவாகும் பாலிசைத்தீமியா வெரா, மஜ்ஜையில் நார்த்திசு படியும் நோயான மைலோஃபைப்ரோசிஸின் நார்ப்படிவு வெளிப்படாத தொடக்கநிலை (தொடக்கநிலை மைலோஃபைப்ரோசிஸ்) ஆகிய மூன்றிலும் தட்டணு கூடும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்கூடச் சிலருக்கு இதே வேடத்தில் வரும் என்பதால், அந்தப் புற்றுநோய்க்குரிய பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) மரபணுச் சோதனையைச் செய்து அதை முதலில் விலக்கியாக வேண்டும்.

2005-இல் ஜேக்-2 மரபணு மாற்றமும், 2013-இல் கால்ரெட்டிகுலின் மரபணு மாற்றமும் கண்டறியப்பட்ட பிறகு இந்தத் துறையே மாறிவிட்டது. ஆனால் ஜேக்-2 ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் நோயின் பெயர் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வது தவறு. பாலிசைத்தீமியா வெரா உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கும், மற்ற இரு நோய்களிலும் பாதிப் பேருக்கு மேலும் இந்த மாற்றம் காணப்படுகிறது. ஆகவே மஜ்ஜையில் நோய் இருக்கிறது என்பதை அது உறுதிசெய்கிறதே தவிர, எந்த நோய் என்பதைச் சொல்வதில்லை. ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் கால்ரெட்டிகுலின், எம்.பி.எல். ஆகிய இரு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். இந்த மூன்று மாற்றங்களுமே இல்லாமல் நோய் மட்டும் இருப்பவர்களும் உண்டு.

மீதி விடை, எலும்போடு சேர்த்து எடுக்கும் மஜ்ஜைத் துண்டில்தான் (பயாப்சி) இருக்கிறது. எசென்ஷியல் திராம்போசைத்தீமியாவில், தட்டணுக்களை உருவாக்கும் மெகாகேரியோசைட் அணுக்கள் மிகப் பெரிதாக, கலைமான் கொம்புபோல் கிளைத்த உட்கருவோடு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். தொடக்கநிலை மைலோஃபைப்ரோசிஸில் அவை நெருங்கிக் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். உட்கரு அடர்ந்து உருக்குலைந்திருக்கும். வெள்ளணு வரிசையும் பெருகியிருக்கும். உறிஞ்சியெடுத்த மஜ்ஜை நீரில் அணுக்களின் இந்த அமைப்பும் நார்ப்படிவும் தெரிவதில்லை. சாயமேற்றிய எலும்புத் துண்டில்தான் தெரியும்.

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் தம் அறிக்கைகளைச் சென்ற ஆண்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தட்டணு 8,20,000. ஜேக்-2 பாசிட்டிவ். அதற்குக் கீழேயே எசென்ஷியல் திராம்போசைத்தீமியா என்று எழுதி மாத்திரையும் தொடங்கியிருந்தார்கள். வெள்ளணு 13,000 இருந்தது, எல்.டி.எச். என்ற நொதியும் ரத்தத்தில் கூடியிருந்தது. இரண்டுமே தொடக்கநிலை மைலோஃபைப்ரோசிஸை நினைவூட்ட வேண்டியவை. அப்படியிருந்தும் மஜ்ஜைத் துண்டு எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

இதை நுணுக்கம் பார்க்கும் வேலை என்று ஒதுக்க முடியாது. எசென்ஷியல் திராம்போசைத்தீமியா என்று சொல்லப்பட்ட 1,104 பேரின் மஜ்ஜைத் துண்டுகளை மறுபடி ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. அவர்களில் 180 பேருக்கு இருந்தது தொடக்கநிலை மைலோஃபைப்ரோசிஸ். 15 ஆண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு முதல் நோய்க்கு 80 விழுக்காடாகவும் இரண்டாவதற்கு 59 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் இந்தத் தொடக்கநிலையைத் தனி வகையாகவே வரையறுத்தது. சிகிச்சையும் வேறுபடுகிறது. பாலிசைத்தீமியாவில் உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோகிரிட்டை 45 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். ஆபத்துக் குறைந்த எசென்ஷியல் திராம்போசைத்தீமியாவில் பெரும்பாலும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கண்காணிப்பும் போதும்.

நம் மக்களிடம் இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. முதுகுத்தண்டில் குத்தினால் நடக்க முடியாமல் போய்விடும் என்பது ஒன்று. மஜ்ஜை எடுப்பது தண்டுவடத்திலிருந்து அல்ல. இடுப்பெலும்பின் பின்புறத்தில், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்த பிறகுதான் எடுக்கிறார்கள். மரபணுச் சோதனை என்றதும் மகளின் திருமணம் தடைபடுமோ என்று மறைப்பது மற்றொன்று. இந்த மாற்றங்கள் வாழ்நாளில் மஜ்ஜை அணுக்களில் ஏற்படுபவை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்பவை அல்ல.

மரபணுச் சோதனைக்குப் பெரும்பாலும் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தமே போதும். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இட்ட மஜ்ஜைத் துண்டையும் தொலைவுக்கு அனுப்பலாம். எனவே கூலி வேலைக்குச் செல்பவர் வேலையை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கும் வேலூருக்கும் அலைய வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு மாதிரிகளையும் எடுத்து உரிய ஆய்வகங்களுக்கு அனுப்பி, முடிவுகளை அங்கேயே ரத்தவியல் மருத்துவரைக் கொண்டு சேர்த்துப் படித்துச் சொல்வதற்கு மாவட்ட நிர்வாகம் முறையான ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் வசதிகளை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக மக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.