விலை இறங்கவில்லை, கடைக்காரனும் கள்ளனில்லை

மஸ்கெலியா,
ஒக்டோபர் 2024

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே இருபத்திரண்டு வருடமாகச் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். பணவீக்கம் மறை 0.5 சதவீதம், அதாவது ஒரு வருடத்தில் விலைகள் அரைச் சதவீதம் இறங்கிவிட்டன என்று உங்கள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வந்த அன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்கா கேட்டார்: "பேப்பரில் விலை இறங்கிவிட்டதாமே முதலாளி, உங்கள் மா மூட்டைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் கொப்பியைத் திருப்பி, கடைசித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் விலையை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம், அதாவது முந்திய செப்டம்பரிலிருந்து விலை ஏறிய அளவு, 69.8 சதவீதம். சாமான் 170 ரூபாய். அடுத்த செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம்தான் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். சாமானோ 172 ரூபாய்க்கு ஏறியிருந்தது. இந்த செப்டம்பரில் 0.5 சதவீதம் இறங்கி, ஏறத்தாழ 171. ஏறிய 72 ரூபாயில் முழுதாக ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. நல்லதண்ணிக்கு ஏறுகிற பஸ் வேகத்தைக் குறைத்தால், அது மஸ்கெலியாவுக்குத் திரும்பிவிட்டதாக யாராவது சொல்வார்களா?

"சம்பளம்?" என்றார் அக்கா. நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய், கடந்த மாத அரசாங்க வர்த்தமானியில் 1,350. கூடியது 35 சதவீதம். அதுவும் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட்டால்தான். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அளப்பது. அதில் உணவின் பங்கு நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. என் கடன் கொப்பியைப் புரட்டினால் மா, அரிசி, பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், கருவாடு, இடையிடையே சவர்க்காரம். 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். எங்கள் லயத்து அடுப்புக்குப் பொருந்திய எண் அதுதான். எல்லா மாகாணங்களையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணும் மாதாமாதம் வருகிறது. அதை நீங்கள் உள்பக்க மூலையில் போடுகிறீர்கள்.

வேலையின்மை வீதத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்தவரும் வேலையுள்ளவர் கணக்கில் சேருவார் என்று சொன்னால், இரண்டு நாள் மட்டும் வேலை கிடைக்கிற எங்கள் பையன்கள் வேறுவிதமாகச் சிரிப்பார்கள்.

அடுத்த மாதம் இந்தச் செய்தியைப் போடும்போது உணவு விலையைத் தனியாகவும், மூன்று வருடத்துக்கு முந்திய விலை மட்டத்தைப் பக்கத்திலும் போடுங்கள். இரண்டு வரி போதும். கடையில் என் மானம் தப்பும்.

அக்கா அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொன்னார், கணவரிடம் காட்ட வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். மறுபக்கத்தில் அவர்கள் வீட்டுப் பழைய பாக்கி எழுதியிருந்தது இரவு கடை பூட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துக் கடைக்காரர்