ரெண்டாவது பீக்

அன்பு மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் அம்மா, "பிள்ள அழுதாளா?" என்று கேட்டாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது சுக்கும் நல்லமிளகும் பொடித்து டப்பாவில் அடைத்துவிட்டு, மான்செஸ்டருக்கு யார் போகிறார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கிக்கொள்.

போனில் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். மூலக்கூறுகளை எடை போடுகிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உன் சாம்பிளுக்கு ஒரே எடையைத்தான் காட்டுகிறது. ஆனால் அதற்கு முன்னால் நைட்ரஜன் நிரப்பிய டியூப் இருக்கிறதே, அதில் ஒரு பீக், அதாவது கிராஃபில் ஒரு மேடு, வரவேண்டிய இடத்தில் ரெண்டு வருகிறது. கைடு அதைப் பார்த்துவிட்டு, சாம்பிளில் அழுக்கு என்கிறார். மூன்று வருஷ ஆராய்ச்சி வீணாகிவிட்டது என்கிறாய் நீ.

அந்த டியூப் என்ன செய்கிறது என்று ஒருமுறை மண்டைக்காட்டுக் கொடையில் வைத்து நீதான் எனக்கு விளக்கினாய். கூட்டத்துக்குள் மடக்கின குடையோடு போகிறவன் சீக்கிரம் கடந்துவிடுவான், அதே குடையை விரித்துக்கொண்டு போகிறவன் எல்லார் மேலும் இடித்து இடித்துப் பின்னால் வருவான். எடை ஒன்றுதான், வடிவம்தான் வேறு என்றாய். டெல்லி ஏர்போர்ட்டில் என் பையை ஒரு துணித்துண்டால் துடைத்து மெஷினுக்குள் வைத்தார்களே, அப்போதும் "அப்பா, இது நம்ம மெஷினோட தம்பி" என்று காதில் சொன்னாய். நான் வெடிகுண்டுக்காரன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அது ஏன் உடனே புரிந்தது தெரியுமா? முப்பது வருஷம் மணல் ஆலையில் நானும் அதே வேலையைத்தான் செய்தேன். நம் கடற்கரை மணலில் இல்மனைட் என்கிற கறுப்புத் தாதுவும் சிர்கான் என்கிற வெளுத்த தாதுவும் கலந்து கிடக்கும். ரெண்டும் தண்ணீரைவிட நாலரை மடங்குக்கு மேல் கனம். தண்ணீரில் விட்டு அலசினால் சாதா மணல் போய்விடும், இந்த ரெண்டும் சேர்ந்தே நிற்கும். எடையை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. அதனால் மணலைச் சூடாக்கி, சுழலுகிற உருளை மேல் மெல்லிசாக விழவிட்டு, 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் கொடுப்போம். மின்சாரம் கடத்துகிற இல்மனைட் கறுப்பாகத் தெறித்து விலகி விழும். கடத்தாத சிர்கான் உருளையிலேயே ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும், பிரஷ் வைத்துத் தட்டிவிட வேண்டும். புதுசாக வந்த பையன்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

ஒரு ஆனி மாசம், நைட் ஷிஃப்ட். வெளியே விடாத சாரல். கறுப்பு விழுகிற பெட்டியில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. மணலே சரியில்லை, தோண்டின இடம் மாறியிருக்கும் என்று சத்தியம் செய்தேன். மூத்த ஆபரேட்டர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சூடே இல்லை. மணலைச் சூடாக்குகிற டிரையரைக் குறைத்து வைத்தது நான்தான். ஈரம் பட்டால் சிர்கானும் மின்சாரம் கடத்துவது மாதிரி நடிக்கும், கறுப்போடு சேர்ந்து தெறிக்கும். அன்றைக்கு இருந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதைச் சொன்னதும் கைடு பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதே. விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவரும் நிற்கலாம், நீயும் நிற்கலாம். முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார் என்கிறேன், அவ்வளவுதான். கரைப்பானை மாற்றிப் பார்த்தாயா? பென்சோகெய்ன் கதையைச் சொன்னாயே: சுத்தமான மருந்துதான், எடை 166 என்று ஒரே எண்தான், ஆனால் ஒட்டிக்கொண்ட புரோட்டான் சிலதில் நைட்ரஜன் மேலும் சிலதில் ஆக்சிஜன் மேலும் உட்காருவதால் டியூபில் ரெண்டாகப் பிரிகிறது, கரைப்பான் மாறினால் ரெண்டின் அளவும் மாறுகிறது என்று. உன்னுடையதும் அப்படி ஏறி இறங்கினால் அதை எப்படி அழுக்கு என்பது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நாலைச் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்றே தெரியாது. நான் பட்டிருக்கிறேன்.

உன் மான்செஸ்டர்க்காரர், விஞ்ஞானி ஜே.ஜே. தாம்சன் கதையும் நீ சொன்னதுதான், எம்.எஸ்சி. படிக்கும்போது. நியான் வாயுவில் எடை 20 என்று ஒரு கோடு வர, பக்கத்தில் 22இல் மங்கலாக இன்னொன்று. 1913 வாக்கில் அவரே அதை நியானும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஏதோ ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். நடுவில் உலகப் போர். 1919 வாக்கில்தான் அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் தன் புதுக் கருவியை வைத்து, அதுவும் நியான்தான், எடை மட்டும் கூடினது என்று உறுதி செய்தார். அந்த மங்கல் கோட்டை ஒருத்தரும் அழித்துவிடவில்லை, பார்த்தாயா.

நம் ஊர்க் கதையும் இதே ஜாதிதான். 1909இல், இது திருவிதாங்கூராக இருந்த காலத்தில், இங்கிருந்து போன கயிறில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்கிற ஜெர்மன்காரர் கவனித்தார். கயிறு வாங்கினவனுக்கு அது தட்டிவிட வேண்டிய அழுக்கு. அவருக்கு மோனசைட் என்கிற தோரியம் தாது. மணவாளக்குறிச்சி மணலின் பெயர் வெளியே போனது அப்படித்தான். எனக்கும் அதனால்தான் சம்பளம் வந்தது, உன் பீஸும் கட்டினேன்.

சாளை நல்லா வருகிறது இப்போது. நேற்று மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும். உன் பெயரைச் சொல்லிக்கொண்டே அம்மா ரெண்டு தடவை பரிமாறினாள், எனக்குத்தான் வயிறு தாங்கவில்லை.

வருகிற ஞாயிறு கூப்பிடும்போது போனை முதலில் என்னிடம் தரச் சொல். அந்த ரெண்டாவது பீக் என்ன ஆச்சு என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்ன சாப்பிட்டாய் என்பதை அம்மாவிடம் சொல்லலாம்.

அப்பா